அல்பட்ராஸ் ஏன் அவசரப்படுவதில்லை

தென் பெருங்கடலின் ஒரு தீவிலிருந்து முதன்முறையாகப் பறந்து கிளம்பும் இளம் அல்பட்ராஸ், மீண்டும் நிலத்தில் கால் வைக்க ஐந்து ஆண்டுகள்கூட ஆகலாம். அதுவரை அது உண்பதும் ஓய்வெடுப்பதும் புயலைத் தாங்குவதும் கடலில்தான். தீவுக்குத் திரும்பிய பிறகும் உடனே கூடு கட்டுவதில்லை. துணை தேடுவதற்கே சில ஆண்டுகள் செலவாகின்றன. பெரிய இனங்களில் ஒரு பெண் பறவை முதல் முட்டையை இடும்போது அதற்கு ஏறத்தாழப் பத்து வயது ஆகியிருக்கும். பிறந்த அடுத்த ஆண்டே தாயாகிவிடும் சிட்டுக்குருவியோடு ஒப்பிட்டால், இந்த நிதானம் எவ்வளவு வியப்பானது என்பது விளங்கும்.

அல்பட்ராஸைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் சிறகின் நீளத்தையும் பறக்கும் தொலைவையும் ஆயுளையும் தனித்தனி வியப்புகளாகச் சொல்வது வழக்கம். ஆனால் அவை ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவை. காற்றின் ஆற்றலைக் கடன் வாங்கிப் பறக்கும் உடல் அமைந்ததால், உணவு அரிதாகக் கிடைக்கும் பரந்த கடலிலும் இப்பறவையால் வாழ முடிகிறது. உணவைத் தேடி அவ்வளவு தொலைவு போக வேண்டியிருப்பதால் ஒரே ஒரு குஞ்சைத்தான் வளர்க்க முடிகிறது. ஒரு குஞ்சு மட்டுமே என்பதால் பல பத்தாண்டுகள் உயிரோடிருந்தால்தான் இனம் தொடர்கிறது. இந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லாவற்றையும் எளிதாகப் புரிந்துகொள்ளலாம்.

முதலில் பறவையை அடையாளம் கண்டுகொள்வோம். வெள்ளை உடலும் கறுத்த சிறகு நுனியும் உள்ள சில இனங்களைத் தொலைவிலிருந்து பார்ப்பவர்கள் கடற்காகம் என்று எண்ணக்கூடும். ஆனால் இரண்டும் உறவினர் அல்ல. அலகின் மேல் குழாய் போன்ற நாசிகளைக் கொண்ட கடற்பறவைகளின் வரிசையைச் சேர்ந்தது அல்பட்ராஸ். அந்த வரிசையின் மற்றப் பறவைகளுக்கு இரு குழாய்களும் பெரும்பாலும் அலகின் மேற்புறத்தில் ஒன்றாகச் சேர்ந்திருக்க, அல்பட்ராஸுக்கு மட்டும் அலகின் இருபக்கமும் தனித்தனியே அமைந்துள்ளன. இன்று 22 இனங்கள் இருப்பதாகப் பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். அவற்றுள் மிகப் பெரியது வாண்டரிங் அல்பட்ராஸ். சிறகை விரித்தால் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 3.5 மீட்டர்வரை எட்டக்கூடும். உயிரோடிருக்கும் பறவைகளில் இதைவிட நீண்ட சிறகு விரிப்பு வேறு எதற்கும் இல்லை. சிறிய இனங்களுக்கு அது 2 மீட்டர் அளவில் இருக்கும்.

பெரும்பாலான இனங்கள் தென் அரைக்கோளத்தைச் சேர்ந்தவை. மூன்று இனங்கள் வட பசிபிக்கில் வாழ்கின்றன. ஒன்று மட்டும் வெப்பமண்டலத்தில், கலபகோஸ் தீவுக்கூட்டத்தின் எஸ்பன்யோலா தீவில், ஏறக்குறைய முழு இனமும் அங்கேயே கூடு வைக்கும்படி வாழ்கிறது. வட அட்லான்டிக்கில் இன்று எந்த இனமும் இனப்பெருக்கம் செய்வதில்லை; ஆனால் பழங்காலத்தில் அங்கும் அல்பட்ராஸ்கள் வாழ்ந்தன என்பதற்குப் புதைபடிவங்கள் சான்றாக உள்ளன. நிலநடுக்கோட்டை ஒட்டிய கடற்பகுதியில் காற்று அடிக்கடி முற்றிலும் அடங்கிவிடும். காற்றை நம்பிப் பறக்கும் பறவைக்கு அந்த அமைதியான நீர்ப்பரப்பைக் கடப்பது, தண்ணீரில்லாத பாலைவனத்தைக் கடப்பதைப் போன்றது.

காற்றை நம்பிப் பறப்பது என்றால் என்ன என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் இந்தப் பறவையின் மையமே அதுதான். கடலின் மேல் வீசும் காற்று எல்லா உயரத்திலும் ஒரே வேகத்தில் வீசுவதில்லை. நீர்ப்பரப்பை ஒட்டிச் செல்லும் காற்று அலைகளில் உராய்ந்து வேகம் குறைகிறது; மேலே போகப் போக வேகம் கூடுகிறது. அல்பட்ராஸ் அலைகளுக்குச் சற்று மேலே தாழ்வாக வந்து, காற்றை எதிர்த்துத் திரும்பி மேலே ஏறுகிறது. எந்தப் பறவையும் சிறகடிக்காமல் மேலே ஏறினால் வேகத்தை இழக்கும். ஆனால் இங்கே ஒவ்வொரு மீட்டர் உயரும்போதும் எதிர்க்காற்று இன்னும் வலுவாகிறது. அதனால் சிறகின் மீது பாயும் காற்றின் வேகம் குறையாமல், தூக்கிவிடும் விசையும் குறையாமல் இருக்கிறது. பத்துப் பதினைந்து மீட்டர் உயரத்தில் ஒருபக்கமாகச் சாய்ந்து திரும்பி, இப்போது காற்று வீசும் திசையிலேயே சரிந்து கீழே வருகிறது. வேகமான காற்றோடு இணைந்து வந்த அந்த வேகத்துடன் அலைப்பள்ளத்தின் மெதுவான காற்றுக்குள் நுழையும்போது, மீண்டும் அதன் சிறகின் மீது காற்று விரைந்து பாய்கிறது. அந்த வேகத்தைக் கொண்டு மறுபடியும் திரும்பி, மறுபடியும் ஏறுகிறது. இப்படி ஏறுவதும் இறங்குவதுமாக, ஒருமுறைகூடச் சிறகடிக்காமல், மணிக்கணக்கில் போய்க்கொண்டே இருக்க முடியும். கப்பலின் தளத்தில் நின்று பார்ப்பவருக்கு, அடிவானத்துக்கு மேல் ஒரு கணம் வெள்ளை வயிறு தெரியும். அடுத்த கணம் சிறகின் ஒரு நுனி நீரைத் தொட்டுவிடுமோ என்று எண்ணும்படி கறுத்த முதுகு அலைகளுக்கிடையே மறையும். பிரிட்டனின் இயற்பியலர் ரேலி பிரபு 1883இலேயே இந்த வழிமுறைக்கான விளக்கத்தைத் தந்துவிட்டார்.

இதற்கு ஏற்றபடிதான் உடலும் அமைந்திருக்கிறது. சிறகு மிக நீளமானது, ஆனால் அகலம் மிகக் குறைவு. அதனால் ஒரு மீட்டர் கீழே இறங்குவதற்குள் இருபது மீட்டருக்கும் அதிகமாக முன்னே வழுக்கிச் செல்ல முடிகிறது. அவ்வளவு நீளமான சிறகை விரித்தபடியே வைத்திருக்கத் தசைகள் களைத்துப் போகுமே என்று தோன்றலாம். தோளில் உள்ள ஒரு தசைநார்ப் படலம், சிறகு முழுதும் விரிந்ததும் அதைத் தாழ்ப்பாள் போட்டதுபோல் பிடித்துக்கொள்கிறது. வாண்டரிங் அல்பட்ராஸ்களின் இதயத்துடிப்பை அளந்து பார்த்தபோது, காற்றில் மிதந்து செல்லும்போதும் அது கூட்டில் அமர்ந்து ஓய்வெடுக்கும்போது துடிப்பதற்கு அருகிலேயே இருந்தது. நமக்குத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் உழைப்பில் கண்டங்களுக்கிடையே பயணம் செய்ய முடிந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

உழைப்பு தேவைப்படுவது கிளம்பும்போதும் இறங்கும்போதும்தான். நிலத்தில் நிற்கும் பெரிய அல்பட்ராஸ் எழும்ப வேண்டுமானால், காற்றை எதிர்த்து முகம் வைத்து, சிறகை விரித்து, அகன்ற பாதங்களைத் தரையில் அடித்து ஓடவேண்டும். சரிவான இடம் கிடைத்தால் வசதி. இறங்கும்போது, குறிப்பாகக் காற்றில்லாத நாளில், வேகத்தைக் குறைக்க முடியாமல் முன்னே விழுந்து உருண்டு எழுவதும் உண்டு. காற்று முற்றிலும் அடங்கிவிட்டால் கடலில் இருக்கும் பறவை நீரின்மேல் அமர்ந்து காத்திருக்கும்.

உணவில் கணவாய்க்குப் பெரும் இடம் உண்டு. மீன், கிரில் எனப்படும் இறால் போன்ற சிற்றுயிர், கடலில் மிதக்கும் இறந்த உடல்கள் ஆகியவற்றையும் இனத்துக்கு ஏற்றபடி உண்ணும். இதில் மூக்கின் பங்கு பெரியது. பறவைகளுக்கு மோப்பம் இல்லை என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. ஆனால் வாண்டரிங் அல்பட்ராஸ் காற்றில் வரும் மணத்தைப் பிடித்து, காற்றை எதிர்த்து வளைந்து வளைந்து சென்று இரையை அடைவது பயணப் பாதைகளைப் பதிவுசெய்தபோது தெரியவந்தது. குடிப்பதற்குக் கடல்நீர் போதும். கண்களுக்கு மேலே உள்ள சுரப்பிகள் இரத்தத்திலிருந்து மிகுதியான உப்பைப் பிரித்தெடுத்து, அடர்ந்த உப்புநீராக நாசி வழியே வெளியேற்றுகின்றன. கூட்டில் அமர்ந்திருக்கும் பறவையின் வளைந்த அலகு நுனியில் ஒரு சொட்டு நீர் திரண்டு, தொங்கி, தலையை உதறும்போது தெறித்து விழுவதைக் காணலாம். ஆண்டுக்கணக்கில் நிலத்துக்கு வராமல் இருக்க முடிவது அந்தச் சொட்டினால்தான்.

இனி தொலைவு. பறவைகளின் பயணத்தைச் செயற்கைக்கோள் வழியாகப் பின்தொடர்ந்த முதல் ஆய்வுகளில் ஒன்று வாண்டரிங் அல்பட்ராஸ்களைப் பற்றியது. அதன் முடிவுகள் 1990இல் வெளிவந்தன. துணை முட்டையை அடைகாத்துக்கொண்டிருக்க, உணவு தேடிப் போன பறவைகள் ஒரே பயணத்தில் 3,600 முதல் 15,000 கிலோமீட்டர்வரை சுற்றிவிட்டு அதே கூட்டுக்குத் திரும்பின. சில நாட்களில் 900 கிலோமீட்டர்வரை கடந்திருந்தன. இனப்பெருக்கம் இல்லாத காலத்தில் சாம்பல்தலை அல்பட்ராஸ்கள் பூமியைச் சுற்றியே வருகின்றன. அவற்றுள் மிக வேகமானது அதை 46 நாட்களில் முடித்தது. இவை சாதனைக்காகச் செய்யப்படும் பயணங்கள் அல்ல. திறந்த கடலில் இரை அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கிடைக்கும் என்பதால் அன்றாடப் பிழைப்பே அப்படித்தான்.

இந்த இடத்தில்தான் பறத்தலும் குடும்பமும் சந்திக்கின்றன. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சென்று வயிற்றில் கொண்டுவரும் உணவைக் கொண்டு எத்தனை குஞ்சுகளை வளர்க்க முடியும்? எல்லா அல்பட்ராஸ் இனங்களும் தரும் விடை ஒன்றுதான்: ஒரு முறைக்கு ஒரு முட்டை. வாண்டரிங் அல்பட்ராஸின் முட்டை ஏறத்தாழ அரைக் கிலோ எடை இருக்கும். அது உடைந்தால் அந்தப் பருவத்தில் இன்னொன்று இடுவதில்லை. தாயும் தந்தையும் முறைவைத்து 11 வாரங்களுக்கு அடைகாக்கின்றன. ஒன்று அமர்ந்திருக்க மற்றது கடலில் இருக்கும். திரும்பி வர எத்தனை நாள் ஆனாலும், கூட்டில் இருப்பது பட்டினியோடு காத்திருக்கும்.

குஞ்சு பொரித்த பிறகு சில வாரங்கள் ஒரு பெற்றோர் அருகிலேயே இருக்கும். பின்னர் இரண்டுமே கடலுக்குப் போய்விட, பஞ்சு போன்ற தூவி மூடிய குஞ்சு தன் மண்மேட்டுக் கூட்டில் தனியாக, தென்கோளத்தின் குளிர்காலம் முழுவதையும் பனியிலும் காற்றிலும் கழிக்கிறது. பல நாட்களுக்கு ஒருமுறை பெற்றோரில் ஒன்று வந்திறங்கும். குஞ்சு பெற்றோரின் அலகைத் தன் அலகால் தட்டும். பெரிய பறவை குனிந்து வாயைத் திறக்க, குஞ்சு தன் அலகை அதற்குள் குறுக்காக வைத்து ஏந்திக்கொள்ளும். அரைகுறையாகச் செரித்த கணவாயும் மீனும், அவற்றோடு இரைப்பையில் உருவான எண்ணெயும் பீறிட்டு உள்ளே இறங்கும். அந்த எண்ணெய்தான் இதில் முக்கியமானது. உணவிலுள்ள நீரை நீக்கி ஆற்றலை மட்டும் செறிவாகக் கொண்டுவரும் வழி அது. அடுத்த வேளை எப்போது என்று தெரியாத குஞ்சு, ஒரு கட்டத்தில் பெற்றோரைவிடக் கனமாகக் கொழுத்துவிடும். பிறகு இறகு வளர வளர அந்தக் கொழுப்பு கரையும். வாண்டரிங் அல்பட்ராஸில் முட்டை இட்டதிலிருந்து குஞ்சு பறந்து போகும்வரை ஏறத்தாழ ஓராண்டு பிடிக்கிறது. அதனால் ஒரு குஞ்சை வளர்த்து முடித்த இணை மறு ஆண்டைக் கடலில் கழித்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் முட்டையிடுகிறது. சிறிய இனங்கள் பலவற்றால் ஆண்டுதோறும் முயல முடிகிறது.

இவ்வளவு நீண்ட பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளத் துணையைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் கூடாது. இளம் பறவைகள் தீவில் கூடும்போது ஆடும் ஆட்டத்தை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். இரண்டு பறவைகள் எதிரெதிரே நின்று, அலகோடு அலகை உரசி, சடசடவென்று தட்டி, கழுத்தை வானை நோக்கி நீட்டிக் குரல் எழுப்பி, தலையைத் திருப்பித் தன் சிறகடியைத் தொட்டு மீளும். தொடக்கத்தில் ஓர் இளம்பறவை பலரோடும் ஆடும், அசைவுகள் பொருந்தாமல் தடுமாறும். ஆண்டுகள் செல்லச் செல்ல ஆடும் கூட்டாளிகள் குறைந்து, கடைசியில் ஒன்றே எஞ்சும். அதன் பிறகு இணை பெரும்பாலும் பிரிவதில்லை. ஹவாயின் ஓஹு தீவில் லேசன் அல்பட்ராஸ் இணைகளை ஆராய்ந்தவர்கள், அவற்றுள் 31 விழுக்காடு இரண்டு பெண் பறவைகள் சேர்ந்த இணைகள் என்று 2008இல் அறிவித்தனர். அங்கே ஆண்கள் குறைவு. தனியாக ஒரு பறவையால் குஞ்சை வளர்க்க முடியாது. இருவர் சேர்ந்தால் முடிகிறது.

ஆயுளுக்கு எடுத்துக்காட்டாக ஒரே ஒரு பறவையைச் சொன்னால் போதும். 1956இல் பசிபிக்கின் மிட்வே பவளத்தீவில் சாண்ட்லர் ராபின்ஸ் என்ற பறவையியலர் கூட்டில் இருந்த ஒரு லேசன் அல்பட்ராஸின் காலில் வளையம் பூட்டினார். அப்போதே அது முழு வளர்ச்சி அடைந்த, குறைந்தது ஐந்து வயதுப் பறவை. 2002இல் அதே தீவில் அவரே ஒரு பறவையின் தேய்ந்த வளையத்தை மாற்றினார். பதிவேடுகளைச் சரிபார்த்தபோதுதான் அது 46 ஆண்டுகளுக்கு முன் தாம் வளையமிட்ட அதே பறவை என்று தெரிந்தது. விஸ்டம் என்று பெயர்பெற்ற அந்தப் பறவை, ராபின்ஸ் 2017இல் மறைந்த பிறகும் மிட்வேக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. எழுபது வயதைத் தாண்டிய நிலையில் 2024ஆம் ஆண்டின் இறுதியில் புதிய துணையோடு ஒரு முட்டையும் இட்டது.

விஸ்டத்தைக் கண்டு மகிழ்வதோடு நிறுத்திவிடாமல் ஓர் எளிய கணக்கையும் போட்டுப் பார்ப்போம். முதிர்ந்த பறவைகளில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து இறந்தால், முதிர்ச்சிக்குப் பின் ஒரு பறவைக்குச் சராசரியாக இருபது ஆண்டுகள் கிடைக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முட்டை என்றால் பத்து வாய்ப்புகள். அவற்றில் சில முட்டைகள் கெடும், சில குஞ்சுகள் மடியும், பல இளம்பறவைகள் கடலில் மறையும். எஞ்சுபவை பெற்றோர் இருவரின் இடத்தை நிரப்பினால் இனம் நிலைக்கும். இப்போது இறப்பு நூற்றுக்குப் பத்து ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி பத்து ஆண்டாகச் சுருங்கும், வாய்ப்புகள் ஐந்தாகும். நூறில் ஐந்து பறவைகள் கூடுதலாக இறப்பது தீவில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அது அந்த இனத்தின் எதிர்காலத்தைப் பாதியாக்கிவிடுகிறது. வேகமாகப் பெருகும் உயிர்கள் இழப்பை அடுத்த பருவத்திலேயே ஈடுகட்டும். அல்பட்ராஸால் அது முடியாது.

அந்தக் கூடுதல் இறப்பு பெரும்பாலும் ஆயிரங்கால் தூண்டிலில் நிகழ்கிறது. சூரை போன்ற மீன்களுக்காகப் படகுகள் பல கிலோமீட்டர் நீளக் கயிற்றில் ஆயிரக்கணக்கான தூண்டில் முட்களைக் கோத்துக் கடலில் விடுகின்றன. இரை பொருத்திய முள் படகின் பின்புறத்திலிருந்து இறங்கி மூழ்குவதற்கு முன், சிறிது நேரம் நீர்ப்பரப்புக்கு அருகில் இருக்கும். மிதக்கும் உணவை மேலிருந்து கொத்தியெடுக்கப் பழகிய பறவை அதை விழுங்கும். கயிறு மூழ்க, பறவையும் இழுபட்டு மூழ்கும். இறந்த பறவைக்குக் கூட்டில் ஒரு துணையோ குஞ்சோ காத்திருந்தால், அந்தக் குஞ்சும் பிழைக்காது. எஞ்சிய துணை புதிய இணை தேடி மறுபடியும் இனப்பெருக்கம் செய்யச் சில ஆண்டுகள் வீணாகும்.

தீவுகளிலும் ஆபத்து உண்டு. தென் அட்லான்டிக்கின் கஃப் தீவில், கப்பல்களோடு வந்து சேர்ந்த வீட்டு எலிகள் உயிரோடிருக்கும் குஞ்சுகளையே கடித்துத் தின்னப் பழகிவிட்டன. எலிகளே இல்லாத தீவில் வாழ்ந்து பழகிய குஞ்சுக்கு அவற்றை விரட்டத் தெரியாது. 2021இல் அந்த எலிகளை ஒழிக்க எடுத்த பெருமுயற்சி வெற்றி பெறவில்லை. ஆனால் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான மக்குவாரி தீவில் இத்தகைய பணி நிறைவேறி, 2014இல் முயல், பெரிய எலி, சிறிய எலி எதுவும் அங்கில்லை என்று அறிவிக்கப்பட்டது. மிட்வேயில் சிக்கல் வேறு: பறக்கும் மீன்கள் மிதக்கும் பொருட்களின் மீது முட்டையிடுகின்றன, அந்த முட்டைக்கொத்தை உண்ணும் அல்பட்ராஸ், அது ஒட்டியிருந்த பிளாஸ்டிக் துண்டையும் சேர்த்து விழுங்கிக் குஞ்சுக்கு ஊட்டிவிடுகிறது.

இப்பறவையின் நிதானமே அதை ஒருமுறை காப்பாற்றியும் இருக்கிறது. ஜப்பானின் தோரிஷிமா எரிமலைத் தீவில் குட்டைவால் அல்பட்ராஸ்களை இறகுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அடித்துக் கொன்றார்கள். கொல்லப்பட்டவை ஐம்பது லட்சம் இருக்கும் என்பது மதிப்பீடு. 1949இல் இனம் அழிந்துவிட்டதாகவே கருதப்பட்டது. 1951இல் ஏறத்தாழப் பத்துப் பறவைகள் அங்கே கண்டறியப்பட்டன. தீவில் இருந்தவை கொல்லப்பட்ட காலத்தில், இன்னும் இனப்பெருக்க வயதை எட்டாமல் கடலில் அலைந்துகொண்டிருந்த இளம்பறவைகளே அப்படித் திரும்பி வந்தவை என்று கருதப்படுகிறது. ஹிரோஷி ஹசெகவா என்ற ஆய்வாளர் 1970களிலிருந்து அந்தத் தீவுக்கு மீண்டும் மீண்டும் சென்று, சரிந்துபோகும் மண்ணில் புல் நட்டு, பாதுகாப்பான சரிவில் பறவை உருவப் பொம்மைகளை வைத்து, பதிவுசெய்த குரல்களை ஒலிக்கவிட்டுப் புதிய குடியிருப்பை உருவாக்கினார். எரிமலை வெடித்தால் எல்லாம் போய்விடுமே என்ற கவலையில் 2008 முதல் 2012வரை 70 குஞ்சுகள் முகோஜிமா தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, மனிதர் கையால் ஊட்டி வளர்க்கப்பட்டன. இன்று அந்த இனம் சில ஆயிரம் பறவைகளாகப் பெருகியுள்ளது.

தூண்டில் சிக்கலுக்கும் எளிய தீர்வுகள் உண்டு. கயிற்றில் எடை கட்டினால் முள் விரைந்து மூழ்கும். இரவில் விட்டால் பெரும்பாலான அல்பட்ராஸ்கள் வருவதில்லை. படகின் பின்னே வண்ண நாடாக்கள் படபடக்கும் கயிறு ஒன்றை இழுத்துச் சென்றால் பறவைகள் விலகிப் போகும். 2004இல் நடைமுறைக்கு வந்த அல்பட்ராஸ், பெட்ரல் பறவைகள் பாதுகாப்பு உடன்படிக்கை இந்த மூன்றையும் சேர்த்துக் கடைப்பிடிக்குமாறு சொல்கிறது. தெற்கு ஜார்ஜியா தீவைச் சுற்றிய கடலில் இத்தகைய விதிகள் கண்டிப்பாக்கப்பட்டபின், முன்பு ஓராண்டில் ஆயிரக்கணக்கில் இருந்த கடற்பறவை இறப்பு ஏறக்குறைய இல்லாத நிலைக்கே குறைந்தது. ஆயினும் அத்தீவில் கூடு வைக்கும் வாண்டரிங் அல்பட்ராஸ்களின் எண்ணிக்கை தொடர்ந்து குறைந்தே வந்துள்ளது, ஏனெனில் அவை உணவு தேடிப் போகும் கடல் அந்த விதிகளின் எல்லைக்கு மிக அப்பாலும் விரிந்துகிடக்கிறது. அங்கே ஓடும் ஒவ்வொரு படகும் இன்றே மாறினாலும், இந்த ஆண்டு கூட்டைவிட்டுப் போகும் குஞ்சு தன் முதல் முட்டையை இடத் தீவுக்கு வருவதற்குப் பத்து ஆண்டுகள் ஆகும்.